பசிக்கு எதிரான பிரச்சாரங்களால் சிறு விவசாயிக்கு உண்மையில் பயன் உண்டா?

உண்டு. ஆனால் என்ன கேட்டுப் பிரச்சாரம் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது.

கல்லூரியில் படித்தபோது ஓர் அக்டோபர் 16, உலக உணவு தினம். தஞ்சாவூரில் 'பசியில்லா உலகம்' என்று எழுதிய அட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனேன். ராத்திரி ஊருக்கு வந்தால் அப்பா வீட்டில் இல்லை. கொள்முதல் நிலையத்து வாசலில் குறுவை நெல்லைக் குவித்து, பக்கத்திலேயே சாக்கை விரித்துப் படுத்திருந்தார். அது நாலாவது நாள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்கமாட்டார்கள். காயவைக்கலாம் என்றால் மழை விடவேண்டுமே! ஊர்வலத்தைப் பற்றிச் சொன்னேன். "வர்றப்ப ஒரு தார்ப்பாய் வாங்கியாந்திருக்கலாம்ல தம்பி" என்றார். அடிநெல் முளைவிட்டிருந்தது.

'உலக உணவில் 70 சதவீதம் சிறு விவசாயிகள் தருவது' என்ற வாசகத்தையும் அன்று கத்தினேன். அது மிகை. ஐந்து ஏக்கருக்கு உட்பட்ட பண்ணைகள் தருவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்பதுதான் ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு ஆய்வாளர்களின் கணக்கு. அவர்கள் கையில் இருப்பதோ உலக விவசாய நிலத்தில் எட்டில் ஒரு பங்கு! இதைச் சொன்னாலே போதாதா, எதற்கு ஊதிப் பெருக்கவேண்டும்?

கேட்கவேண்டியதைக் கேட்டவர்கள் என்றால் எனக்கு பிரேசில்காரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். 1993இல் பெட்டின்யோ என்ற சமூகவியலாளர் அங்கே பசிக்கு எதிராகப் பெரிய இயக்கம் தொடங்கினார். அதன் பிறகும் பலர் விடாமல் அரசை நெருக்கினார்கள். 2009இல் ஒரு சட்டம் வந்தது: பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்துக்குச் சிறு குடும்ப விவசாயிகளிடமே வாங்கவேண்டும் என்றது அது. பிள்ளைக்குச் சாப்பாடு, விளைவித்தவனுக்கு நிச்சயமான வாடிக்கையாளர். நம் சத்துணவுக்கூடங்களுக்குக் கீரையும் காய்கறியும் அந்தந்த ஊர்த் தோட்டத்திலிருந்தே போகவேண்டும் என்று யாராவது ஊர்வலம் நடத்தினால் இன்றும் முதல் வரிசையில் நிற்பேன்.

மற்றபடி நான் ஊர்வலம் போவதை விட்டுவிட்டேன். அக்டோபர் 2 கிராம சபைக்குப் போகிறேன். 'நெல் காயவைக்க சிமென்ட் களம் வேண்டும்' என்று மூன்று வருஷம் ஒரே மனுவைத் தேதி மாற்றிக் கொடுத்தோம். களம் வந்துவிட்டது. முகூர்த்த நாளில் அதிலேயே பந்தலும் போட்டுவிடுகிறார்கள். அடுத்த மனு அதற்குத்தான்.