நாற்பதைக் கடந்த ஒருவர் ஸ்கீ பலகைகளில் சிறிய தாவல்களைச் செய்து பத்திரமாகத் தரையிறங்கக் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். நானும் அந்த வயதைக் கடந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். உங்கள் கேள்வியைப் படிக்கும்போது, நீலச் சதுரக் குறியிட்ட, நடுத்தரக் கடினமான சரிவுகளில் இரு பலகைகளையும் இணையாக வைத்து இறங்கும் அளவுக்குத் தேறியிருக்கிறீர்கள் என்றும், பதின்ம வயதுப் பிள்ளைகள் பனிமேடுகளில் தாவுவதைப் பார்த்து ஆசைப்படுகிறீர்கள் என்றும், வீட்டில் "இந்த வயதில் இது தேவையா" என்று கேட்கிறார்கள் என்றும் எடுத்துக்கொள்கிறேன். நான் சான்றிதழ் பெற்ற பயிற்சியாளன் அல்லன். பயிற்சியாளரிடம் போவதற்கு மாற்றாகவும் இதை எழுதவில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் "தைரியமாகப் போங்கள், முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள்" என்ற பதிலைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. அதற்குக் காரணம் உண்டு.

டொரன்டோவில் என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் என்னைவிட நன்றாகச் சறுக்குபவர். நகரத்துக்கு வடக்கே உள்ள ஒரு சிறிய குன்றில், சரிவு முடிந்து சமதரை தொடங்கும் இடத்தில், யாரோ இடுப்பளவுக்குப் பனியைக் குவித்துத் தாவுமேடு கட்டியிருந்தார்கள். அவர் அதில் ஏறித் தாவினார். மேட்டின் நுனி மேல்நோக்கி வளைந்திருந்ததால் காற்றிலேயே அவருடைய உடல் பின்னுக்குச் சாய்ந்தது. பலகைகளின் வால் பகுதி முதலில் தரையைத் தொட்டது. அப்படி இறங்கும்போது பலகை முன்பக்கமாக அறைந்து விழ, ஸ்கீ பூட்ஸின் விறைப்பான பின்சுவர் கெண்டைக்காலை முன்னோக்கித் தள்ளும்; முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் தசைநார் அந்த இழுவையைத் தாங்காது. அவருக்கும் அதுதான் அறுந்தது. அறுவை சிகிச்சையும் பயிற்சியுமாக அடுத்த குளிர்காலம் முழுவதும் போயிற்று. விபத்துப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் அந்தக் குன்றின் ஊழியர்கள் எழுதியது "அனுபவமின்மை" என்ற ஒரே சொல். மறுநாளே அந்த மேட்டை இடித்துத் தள்ளியவர்களும் அவர்கள்தான். அலுவலகத்தில் எல்லோரும் அவருடைய வயதைத்தான் பேசினார்கள். இறங்கும் இடம் தட்டையாக இருந்ததைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அந்தத் தட்டைதான் விஷயம். எவ்வளவு உயரம் தாவினோம் என்பதைவிட, நாம் வந்து விழும் பாதைக்கும் தரையின் சரிவுக்கும் இடையில் உள்ள கோணமே அடியின் வேகத்தை முடிவு செய்கிறது. மணிக்குச் சுமார் 29 கிலோமீட்டர் வேகத்தில், 30 பாகை கீழ்நோக்கிய பாதையில் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரை சமமாக இருந்தால், அவர் 80 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து நேராகக் குதித்ததற்கு ஈடான அடி காலில் இறங்கும். தரையும் 25 பாகை சரிந்திருந்தால் அதே அடி 3 சென்டிமீட்டருக்கும் குறைவான உயரத்துக்குச் சமமாகிவிடும். ஜேம்ஸ் மெக்நீல், மான்ட் ஹப்பர்ட் போன்ற அமெரிக்க ஆய்வாளர்கள் தாவுமேடுகளை இந்த 'சமான வீழ்ச்சி உயரம்' என்ற அளவைக் கொண்டே வடிவமைக்க வேண்டும் என்று வற்புறுத்தி வருகிறார்கள். பௌதிகம் பேசிப் பயமுறுத்துகிறேன் என்று சிலர் பின்னூட்டம் இடக்கூடும். என் பயத்தைப் போக்கியதே இந்தக் கணக்குதான்.

ஆகவே, யாரோ குவித்து வைத்த மேட்டை விட்டுவிட்டு, தாவுவதற்கென்றே மேடுகள் அமைத்து, ஆரஞ்சு நிற நீள்வட்டக் குறியிட்டிருக்கும் டெரெய்ன் பார்க்கில் 'எஸ்' என்று எழுதியுள்ள மிகச் சிறிய அளவு மேட்டுக்குப் போங்கள். முதல் முறை தாவ வேண்டாம். ஓரமாக இறங்கி முழு அமைப்பையும் கண்ணால் பாருங்கள். ஏறுமேடு, அதற்கு அப்பால் மேசை போன்ற சமதளம், அது முடிந்து சரிவு தொடங்கும் 'நக்கிள்' என்கிற வளைவு, பிறகு இறங்கும் சரிவு. நுனியிலும் நக்கிளிலும் பல இடங்களில் நீலச் சாயத்தால் கோடு தெளித்திருப்பார்கள். மேகமூட்டமான நாளில் வெள்ளைக்குள் வெள்ளை கரைந்து மேடு பள்ளமே தெரியாதபோது அந்தக் கோடுதான் வழிகாட்டி. நக்கிளுக்குச் சற்று அப்பால் இறங்க வேண்டும். வேகம் குறைந்தால் தட்டையில் விழுவீர்கள், கூடினால் சரிவையே தாண்டி அடிவாரச் சமதரையில் விழுவீர்கள். எந்த இடத்திலிருந்து புறப்பட்டால் எவ்வளவு வேகம் கிடைக்கிறது என்பதை, தாவாமல் மேட்டின் மேல் சறுக்கிப் போய்ப் பார்த்துப் பழகுங்கள். காலையில் இறுகிய பனியில் கிடைத்த வேகம், வெயிலில் இளகிய பிற்பகல் பனியில் கிடைக்காது.

எனக்கு உண்மையில் சொல்லிக் கொடுத்தவர் ஓய்வு பெற்ற ஒரு முதிய பயிற்சியாளர். பல நாட்கள் அவர் என்னைத் தாவவே விடவில்லை. சமதரையில் பலகைகளோடு நின்ற இடத்தில் துள்ளச் சொன்னார். இரு பலகைகளும் முழு நீளத்துக்கு ஒரே நேரத்தில் பனியைத் தொடும் ஒற்றைச் சத்தம் கேட்கும் வரை விடமாட்டார். "டக்-டக்" என்று இரண்டாகக் கேட்டால், நான் பின்னுக்குச் சாய்ந்திருக்கிறேன் என்று அர்த்தம். அதன் பிறகு சிறிய அலைமேடுகளில் காலை மடக்கி மேட்டை உள்வாங்கிக்கொள்ளப் பழக்கினார். கடைசியில்தான் நுனியில் காலை நீட்டி எழும்பச் சொன்னார்.

நுனியை நெருங்கும்போது பலகைகள் நேராக, தோள் அகலத்தில் இருக்கட்டும். கீழ்க்காலின் முன்பகுதி பூட்ஸின் முன்பக்க நாக்கில் அழுந்தியிருக்கட்டும். கைகள் கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் இருக்கட்டும். கடைசி நொடியில் பயந்து பிரேக் போட்டால், அல்லது நிமிர்ந்து பின்வாங்கினால், நண்பருக்கு நேர்ந்ததே நேரும். பார்வை பலகை நுனியில் இருக்கக் கூடாது. இறங்கும் சரிவில் இருக்க வேண்டும். காற்றில் முழங்காலைச் சற்று உயர்த்தி, தரை வருவதற்கு முன் காலை நீட்டி, தொட்டவுடன் கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றையும் சேர்த்து மடக்குங்கள். விறைத்த காலோடு இறங்குவதும் ஆபத்து, பிட்டம் முழங்காலுக்குக் கீழே போகும்படி உட்கார்ந்து இறங்குவதும் ஆபத்து.

பூட்ஸைப் பலகையோடு பிணைத்து, விழும்போது கழற்றிவிடும் கருவிதான் பைண்டிங். தாவுவதற்காக அதை இறுக்கச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸின் அடி நீளம், சறுக்கும் விதம் ஆகியவற்றைக் கொண்டு கடைக்காரர் அட்டவணை பார்த்து வைத்த அளவே இருக்கட்டும். அது முக்கியமாகக் கால் எலும்பைக் காக்க வடிவமைக்கப்பட்டது. ஏசிஎல்லை அது காப்பாற்றும் என்று எண்ணிவிடாதீர்கள். ஹெல்மெட் இல்லாமல் பார்க்குக்குள் நுழையாதீர்கள்.

இறங்கும்போது நிலை தவறினால் எழுந்து நிற்கப் போராடாமல் விழுந்துவிடுங்கள். சறுக்கல் முழுதாக நிற்கும் வரை எழ முயலாதீர்கள். வெர்மான்ட்டில் 1970களிலிருந்து ஸ்கீ காயங்களை ஆராய்ந்த கார்ல் எட்லிங்கர் குழுவினர் வலியுறுத்திய அறிவுரைகளில் இதுவும் ஒன்று. விழுந்த இடம் மேலிருந்து வருபவருக்குத் தெரியாது என்பதால், நின்றதும் ஓரமாக ஒதுங்குங்கள். முழங்காலுக்குள் 'பொட்' என்று சத்தம் கேட்டிருந்தாலோ, கால் ஊன்றும்போது முழங்கால் நழுவினாலோ, வலி குறைவாக இருக்கிறதே என்று நீங்களே சறுக்கிக் கீழே வர வேண்டாம். மீட்புக் குழுவினரை அழைத்து அவர்களுடைய பனிவண்டியில் இறங்கி, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.