இரவு ஒண்டும் களவா சாப்பிடாம படுத்தாலும் காலமை சுகர் ஏன் கூடுது?

இதே கேள்விய நானும் அப்பாவிட்ட கேட்டனான், ஆனா பொலிஸ் மாதிரி. இரவு ரெண்டு மூண்டு இடியப்பமும் சொதியும்தான், படுக்கேக்க குத்திப் பாத்தா 132, விடிய ஆறு மணிக்கு 171. இடையில எழும்பி தொதல் வெட்டியிருக்கிறார் எண்டு நானே முடிவெடுத்து பெட்டிய என்ர அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டிட்டன். அடுத்த நாள் 174.

கடைசியில பாத்தா கள்ளன் அவரில்ல, அவற்ர ஈரல்.

நித்திரையிலயும் மூளைக்கு குளுக்கோஸ் வேணும்தானே, அத ஈரல்தான் சேத்து வச்சதில இருந்தும் புதுசா செய்தும் ரத்தத்துக்குள்ள விடுது. விடு எண்டு சொல்லுறது குளுக்ககோன், காணும் நிப்பாட்டு எண்டு சொல்லுறது இன்சுலின், ரெண்டும் கணையத்தில இருந்து வாறதுதான். டைப் 2 சலரோகம் (நீரிழிவு) இருக்கிற ஆக்களுக்கு இன்சுலின் சொல்லுறது ஈரலுக்கு சரியா ஏறாது, அதுக்கு மேல விடியப்புறம் கோர்டிசோல் எண்ட ஹோர்மோன் வேற கூடும், பிறகென்ன, ஈரல் பாட்டுக்கு கொட்டும். மெட்போமின் எண்ட சுகர் குளிசை முக்கியமா பிடிக்கிறது இந்த இடத்ததான்.

இன்சுலின் ஒரு சாவி எண்டுதான் எல்லாரும் சொல்லுறது, எனக்கு அது பிடிக்கேல்ல. வெள்ளவத்தை ஃப்ளாட் ஒண்டில கீழ கேட்டில நிண்டு இன்டர்கொம் அடிக்கிற ஆள் எண்டு நினையுங்கோ. அவர் மேல ஏற வேண்டியதில்ல. செல்லுக்கு வெளியில நீட்டிக்கொண்டு நிக்கிற ரிசெப்டர்ல போய் ஒட்டினா காணும், செய்தி உள்ளுக்க கைமாறி கைமாறிப் போகும், தசைச் செல்லுக்குள்ள சின்னச் சின்னப் பைகளில மடிச்சு வச்சிருக்கிற குளூட்4 எண்ட கதவுகள் மேல வந்து செல்லின்ர சுவரில பொருந்தும், அதாலதான் குளுக்கோஸ் உள்ள போகும். டைப் 1 எண்டா பெல் அடிக்க ஆளே இல்லாத மாதிரி, டைப் 2 எண்டா ஆள் நிண்டு அடிக்கிறார், மேல சத்தம் கேக்குதில்ல. கொஞ்ச வருசத்தில அடிக்கிறவரும் களைச்சுப் போயிடுவார்.

இதில நல்ல விசயம் ஒண்டிருக்கு, தசை வேலை செய்யேக்க இன்சுலின் சொல்லாமலே அந்தக் கதவுகள் மேல வரும். அதாலதான் இப்ப இரவுச் சாப்பாடு முடிய அப்பாவ மரைன் டிரைவில அரை மணித்தியாலம் நடத்துறன், காத்தும் நல்லம்.

நீங்க இன்சுலின் ஊசி போடுற ஆள் எண்டா நடுச்சாமம் மூண்டு மணிக்கும் ஒருக்கா குத்திப் பாத்திட்டு டொக்டரிட்ட காட்டுங்கோ, அளவ நீங்களா கூட்டாதேங்கோ.

அப்பாவிட்ட மன்னிப்பு கேட்டாச்சு. தொதல் பெட்டி இன்னும் என்ர அலுமாரிக்குள்ளதான்.