பழைய ஏதென்ஸ் கார்ட்டூனில் போலீஸ் வரலாமா?

கேள்வி: 22 நிமிட அனிமேஷன் எபிசோட் எழுதுகிறேன். இடம் ஏதென்ஸ், காலம் கி.மு. 420. நாடக அரங்கில் மெதூசா (கிரேக்கக் கதைகளில் வரும், பாம்புகளே கூந்தலான அரக்கி) பேய் பறந்து வந்து மிரட்டுகிறது. நான்கு இளைஞர்களும் ஒரு நாயும் துப்புத் துலக்கி, அது வேடம் போட்ட திருடன் என்று காட்டுகிறார்கள். போலீஸ் வந்து அவனை ஐந்து வருடம் சிறையில் தள்ளுகிறது. இது சரியா?

பதில்: பேய் சரி, முடிவுதான் இடிக்கிறது. அன்றைய ஏதென்ஸில் குற்றம் விசாரிக்கும் போலீஸே கிடையாது. நகரத்துக்குச் சொந்தமான ஸ்கைத்திய (கருங்கடலுக்கு வடக்கே வாழ்ந்த இனம்) அடிமை வில்லாளர்கள் இருந்தார்கள். மக்கள் சபையில் கூச்சல் போடுபவரை இழுத்து வெளியே விடுவது போன்றவைதான் அவர்கள் வேலை. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவரே 'பதினொருவர்' என்ற அதிகாரிகளிடம் கொண்டுபோக வேண்டும். ஒப்புக்கொண்டால் மரண தண்டனை, மறுத்தால் நீதிமன்றம். வருடக்கணக்கில் சிறை என்பது அங்கே வழக்கமான தண்டனை அல்ல. குழந்தைகள் பார்ப்பது, ஆகவே திருடனை மறுக்க வையுங்கள். பிடித்துப் போகிறவர் 18 வயது தாண்டிய ஆண் குடிமகனாக இருக்கட்டும்.

திருட்டுப் பொருளை அவன் வீட்டில் தேடும் காட்சி இருந்தால் ஒரு விஷயத்தை விடாதீர்கள். அடுத்தவர் வீட்டுக்குள் சும்மா நுழைய முடியாது. களவுப் பொருள் தேடுவதற்கு விலக்கு உண்டு. அதற்கும் நிபந்தனை இருக்கிறது: தேடுபவர் மேலாடையைக் கழற்றிவிட்டு, இடுப்புக் கச்சை இல்லாத உள்சட்டையோடோ ஆடையே இல்லாமலோதான் உள்ளே போக வேண்டும். ஏன்? தானே ஒரு பொருளை மடியில் மறைத்துக் கொண்டுபோய் அங்கே போட்டுவிட்டு "கண்டுபிடித்தேன்" என்று சொல்லக் கூடாது. வாசலில் கச்சையை அவிழ்த்து வைப்பதைக் காட்டினாலே போதும். உங்களுக்குத் தேவையான சிரிப்பு அங்கேயே கிடைத்துவிடும்.

பேய் பறப்பதற்கு மந்திரம் வேண்டாம். நாடகத்தில் தெய்வங்களை இறக்கும் பாரந்தூக்கி இருந்தது, அதன் கயிற்றின் தேய்மானத் தடத்தையே துப்பாக வையுங்கள். முகமூடி கஞ்சியேற்றி விறைப்பாக்கிய துணி, முடியோடு தலை முழுவதையும் மூடும். மூக்கைப் பிடித்து இழுத்தால் வராது, தாடையிலிருந்து மேலே தூக்க வேண்டும்.

இனி முக்கியமான எச்சரிக்கை. 'பழைய கிரேக்கம்' என்று தொகுப்பாக விற்கும் பின்னணிப் படங்களை நம்பி வாங்காதீர்கள். வட்ட வளைவுகள், டோகா உடை, கொலோசியம் போன்ற அரங்கு எல்லாம் ரோமானியம். வெறும் வெள்ளைச் சிலைகளும் தவறு, அன்று வண்ணம் பூசியிருந்தார்கள். உங்கள் காலத்து அரங்கின் மேடைக் கட்டடம் மரம். கல் கட்டடம் பிறகு வந்தது. "வரலாற்று ஆலோசனையும் இலவசம்" என்று வரும் தரகரிடம் ஒவ்வொரு படத்துக்கும் எந்த ஆண்டு, எந்தக் குடுவை ஓவியம் அல்லது அகழாய்வு ஆதாரம் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் பணம் தராதீர்கள். பின்னணிப் படங்களை இறுதி செய்த பிறகே திரைக்கதையைச் சரிபார்க்க அனுப்பும் ஸ்டுடியோ வழக்கம் எரிச்சலூட்டுகிறது. அப்போது எதைத் திருத்த முடியும்?

நீதிமன்றம் காட்டினால், பேச்சு நேரத்தை அளக்க மணற்கடிகாரம் வேண்டாம், மண்பானை நீர்க்கடிகாரம் வையுங்கள். அகோராவில் (ஏதென்ஸின் சந்தைச் சதுக்கம்) கிடைத்த ஒன்று சுமார் 6.4 லிட்டர் கொள்ளும், காலியாக ஏறக்குறைய 6 நிமிடம். முதலில் தூரப் பீய்ச்சும் நீர், அளவு குறையக் குறைய பானையின் காலடிக்கே வந்து சொட்டும். திருடன் அதைப் பார்த்துக்கொண்டே பேச்சை வேகப்படுத்தட்டும்.