புகைபிடித்துச் சாவது அவரவர் விருப்பம்தானே, அதற்கு ஏன் அரசையும் கம்பெனியையும் குறை சொல்ல வேண்டும்?

கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் ஆகியும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். நீங்கள் புகைப்பவர், வீட்டில் தினமும் பேச்சு வாங்குகிறவர் என்று எடுத்துக்கொள்கிறேன். "என் காசு, என் உடம்பு, உங்களுக்கு என்ன" என்று சொல்லி அலுத்துப்போய்த்தான் இப்படிக் கேட்டிருப்பீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் அப்பாவும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். 2010ல் போய்ச் சேர்ந்தார். வயது 52.

எங்கள் ஊர் முக்கூடலுக்கும் ஆலங்குளத்துக்கும் நடுவில். 2019ல் மாவட்டத்தைப் பிரித்தபோது தென்காசிப் பக்கம் போய்விட்டது, ஆனால் யார் கேட்டாலும் திருநெல்வேலி என்றுதான் வாயில் வரும். அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் பீடி சுற்றத் தெரியுமா, பீடித் தொழிலாளிக்குத் தருகிற பீடி அட்டை இருக்கிறதா என்று கேட்ட காலம் உண்டு. என் அம்மாவையும் அப்படிக் கேட்டுத்தான் கட்டிக்கொண்டு வந்தார்கள். அப்பாவுக்கு பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற வேலை.

விருப்பம் என்கிறீர்கள். அப்பாவின் விருப்பம் எங்கே ஆரம்பித்தது என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். அவருக்குப் பத்து வயது. அந்தக் காலத்தில் பெரியவர்கள் தீக்குச்சியை மிச்சம் பிடிப்பதற்காகப் பிள்ளைகள் கையில் பீடியைக் கொடுத்து, "ஏல, அடுப்புல பத்த வச்சிட்டு வா" என்று அனுப்புவார்கள். பீடி சிகரெட் மாதிரி தானாக எரியாது, இழுக்காமல் விட்டால் அணைந்துவிடும். அடுக்களையில் இருந்து களத்துக்கு வருவதற்குள் இரண்டு இழுப்பு இழுத்தால்தான் கங்கு நிற்கும். அணைந்த பீடியோடு போய் நின்றால் தாத்தாவிடம் அடி விழும். அடிக்குப் பயந்து இழுத்த இழுப்பு அது. பதினாறு வயதில் மூட்டை தூக்கப் போகும்போது ஒரு நாளைக்கு ஒரு கட்டு, அதாவது 25 பீடி. இதில் விருப்பம் எந்த இடத்தில் வந்தது என்று நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

பிறகாவது விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஏனென்றால் வருஷா வருஷம் அவர் விட்டார். கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டால் மலைக்குப் போய்த் திரும்புகிற வரைக்கும் ஒரு பீடி தொட மாட்டார். முடிகிறவருக்கு மற்ற நாளில் ஏன் முடியவில்லை? எனக்கும் ரொம்ப நாள் இது உறுத்திக்கொண்டே இருந்தது. அப்புறம் நானே மாலை போட்ட வருஷம்தான் புரிந்தது. மாலை போட்டவரை மார்க்கெட்டில் எல்லாரும் "சாமி" என்று கூப்பிடுவார்கள். ஒருத்தரும் அவர் முன்னால் பீடியை நீட்ட மாட்டார்கள், பற்றவைத்தவர்கள்கூட எழுந்து அந்தப் பக்கம் போய்விடுவார்கள். டீக்கடைக்காரர் டீயை மட்டும் தருவார். ஊரே சேர்ந்து அவரைத் தாங்கிப் பிடித்தது. மாலையைக் கழற்றிவிட்டு புளியரை தாண்டி செங்கோட்டையில் வேன் நின்றதும் பக்கத்து சீட்டுக்காரர் ஒரு பீடியை நீட்டினார். அவ்வளவுதான்.

தாங்கிப் பிடிக்க ஆள் இருந்தபோது அவரால் முடிந்தது. மற்ற முந்நூறு நாளும் பிடிக்க வேண்டியது யார் என்பதுதான் உங்கள் கேள்விக்கு என்னுடைய பதில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லண்டனில் டாக்டர்கள் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950லேயே எழுதிவிட்டார்கள். நம் நாட்டில் 1975ல் சட்டம் போட்டு சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை வாசகம் அச்சடிக்க வைத்தார்கள். அந்தச் சட்டம் சிகரெட்டுக்கு மட்டும்தான், பீடிக்குக் கிடையாது. பீடியும் சேர்ந்தது 2003ல் வந்த சட்டத்தில். படம் போட்ட எச்சரிக்கை வந்தது 2009 மே 31ல். அப்பாவுக்கு அப்போது ஒரு கால் விரலே இல்லை. கெடுதல் என்று அரசுக்குத் தெரிந்திருந்தது, சிகரெட் குடிக்கிறவருக்குச் சொல்லவும் சொன்னது. மூட்டை தூக்குகிறவருக்கு 28 வருஷம் கழித்துத்தான் சட்டம் போட்டது. சொல்லாமல் விட்டுவிட்டு அதைத் தனிமனித விருப்பம் என்று சொன்னால் எப்படி ஏற்றுக்கொள்வது?

விரல் போனது 2001ல். வலது காலில் இரண்டாவது விரல் நுனி முதலில் நீலமாக இருந்தது, பிறகு கருத்தது. ராத்திரி படுத்தால் வலி தாங்காது. கட்டிலில் உட்கார்ந்து காலைக் கீழே தொங்கப் போட்டால் கொஞ்சம் குறையும் என்பார். செருப்பு கடித்த புண் என்று நினைத்து ஒரு மாதம் மஞ்சள் பூசினோம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்தான் பர்ஜர் நோய் என்றார்கள். புகையால் காலுக்குப் போகிற ரத்தக் குழாய் வீங்கி அடைத்துக்கொள்கிற நோய். அந்த டாக்டர் நல்ல மனுஷர், அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார், "மருந்து நான் தர்றேன். ஆனா பீடிய விட்டாத்தான் கால் மிஞ்சும்." விரலை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வந்து ஒரு வாரம் இருக்கும். எனக்கு அப்போது 16 வயது, திண்ணையில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா குண்டு பல்புக்குக் கீழே பீடித்தட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். மறுநாள் ஆயிரம் பீடி கொடுத்தாக வேண்டும். நனைத்த இலையைத் தகர அளவு வைத்து வெட்டி, தூளைப் பரப்பி, உருட்டி, நுனியை மடக்கி, நூலைக் கட்டி என்று விரல் பாட்டுக்கு ஓடும், கண் வேறெங்கோ இருக்கும். அப்பா கட்டு போட்ட காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு கட்டிலில் இருந்தார். கை மெதுவாகத் தட்டுப் பக்கம் போனது. ஒரே ஒரு பீடி. அம்மா பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவர் எழுந்து நொண்டி நொண்டி வாசலுக்குப் போனதும் அந்தக் கட்டை எண்ணினாள். 24. இன்னொன்று சுற்றி 25 ஆக்கி வைத்துவிட்டு, முந்தானையால் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு அடுத்த இலையை எடுத்தாள். தட்டில் இருந்து எடுக்கிற பீடியில் எந்த எச்சரிக்கையும் இருக்காது.

ஒன்பது வருஷம் கழித்து நெஞ்சு வலியில் போனார்.

இதைப் படித்துவிட்டு, "உங்க அம்மா சுற்றின பீடியில எத்தனை பேர் செத்தாங்களோ, அந்தக் காசில்தானே படிச்சே" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். ஆமாம், அந்தக் காசில்தான் படித்தேன். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான ஸ்காலர்ஷிப்பும் வாங்கியிருக்கிறேன். பீடி மேல் போட்ட வரியில் இருந்து வந்த பணம் அது. என் அம்மா குனிந்து குனிந்து முதுகு வளைந்தவள், தூள் ஏறி இன்றைக்கும் இருமுகிறவள். அவளைக் குற்றம் சொல்ல நான் யாரையும் விட மாட்டேன். பீடித் தொழிலை நாளைக்கே மூடு என்றும் நான் சொல்லவில்லை. மூடினால் எங்கள் தெருவில் பாதி வீட்டில் அடுப்பு எரியாது என்று எனக்குத் தெரியும்.

அரசா கம்பெனியா என்றால், இரண்டு பேரும்தான். கம்பெனிகளின் யோக்கியதை அமெரிக்காவிலேயே வெளுத்துவிட்டது. 1954ல் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுத்து, மக்கள் உடல்நலம்தான் எங்களுக்கு முதல் என்றார்கள். 2006ல் அங்கே நீதிமன்றம், தெரிந்தே ஐம்பது வருஷம் ஜனங்களை ஏமாற்றியிருக்கிறீர்கள் என்று தீர்ப்பு சொன்னது. ஆனால் எனக்கு அரசு மேல்தான் வருத்தம் அதிகம். கம்பெனி விற்கத்தான் பிறந்தது. அரசை நம்மைக் காப்பாற்றட்டும் என்று நாம் ஓட்டுப் போட்டு உட்கார வைத்திருக்கிறோம். அந்த அரசின் எல்ஐசிக்கு நாட்டிலேயே பெரிய சிகரெட் கம்பெனியான ஐடிசியில் சுமார் 15 சதவீதப் பங்கு இருக்கிறது. உயிருக்கு இன்சூரன்ஸ் எழுதுகிற நிறுவனம் அது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் கூடி சிகரெட்டுக்கு 40 சதவீதம் என்று முடிவெடுத்தது, பீடிக்கு 28ல் இருந்து 18 ஆகக் குறைத்தது. பீடி சுற்றுகிற பெண்களுக்காக என்றால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே பெண்களின் நலநிதிக்கு என்று தனியாக வாங்கிக்கொண்டிருந்த வரியை 2017ல் எடுத்துவிட்டார்களே. புகையிலையால் நம் நாட்டில் வருஷத்துக்கு 13 லட்சத்துக்கும் மேலே சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2011 கணக்குப்படி திருநெல்வேலி மாநகராட்சியின் ஜனத்தொகையே நாலே முக்கால் லட்சம்தான். அத்தனை பேரும் விரும்பித்தான் செத்தார்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நலநிதி என்றதும் ஞாபகம் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மா நாற்பது வருஷத்துக்கு மேல் சுற்றியிருக்கிறாள். பி.எஃப். பென்ஷன் வர வேண்டும், 58 வயதிலேயே வந்திருக்க வேண்டியது. பீடிக்கடையில் கணக்கு எழுதினவர் அந்தக் காலத்தில் அவள் பெயரின் கடைசியில் இருக்கிற "ள்" எழுத்தை விட்டுவிட்டார். ஆதாரில் அது இருக்கிறது. அந்த ஒரு எழுத்துக்காக நாலு வருஷமாக அலைகிறோம். கம்பெனி கடிதம் தர வேண்டும் என்று ஒரு இடத்தில் சொல்கிறார்கள், கம்பெனியில் போனால் பழைய நோட்டு இல்லை என்கிறார்கள். குறைந்தபட்ச பென்ஷனே மாதம் ஆயிரம் ரூபாய்தான். அதற்காக அறுபத்திரண்டு வயதுப் பெண் வெயிலில் பஸ் ஏறி இறங்குகிறாள். எங்கள் ஊரில் இப்படி இவள் ஒருத்தி மட்டும் இல்லை.

பென்ஷன் வராததால் இன்றைக்கும் நானூறு, ஐநூறு பீடி சுற்றுகிறாள். நான் பணம் அனுப்புகிறேன், போதும் விடும்மா என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "சும்மா இருந்தா கை வலிக்குய்யா" என்கிறாள். நேற்று ராத்திரி பேசும்போதும் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டேதான் பேசினாள். திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன், அந்த "ள்" விஷயமாக அவளை மறுபடியும் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.