நுனிக்காலில் நடக்கும் பிள்ளைக்கு ஆபரேஷன் எப்போது?

பெருமூளை வாதம் (சின்ன வயதில் மூளை பாதிக்கப்பட்டு உடல் அசைவு கெடும் நிலை) உள்ள பிள்ளைகளுக்குப் பிசியோதெரபி கொடுப்பது என் வேலை. பாத ஆபரேஷன் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: மகனுக்கு நாலரை வயது. இரண்டு காலும் நுனிக்கால் நடைதான். குதிகால் நரம்பை நீட்டிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். இப்போதே செய்துவிடலாமா மேடம்?

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. நரம்பு என்று நாம் சொல்வது தசைநாண், அதாவது தசையை எலும்போடு சேர்க்கும் கயிறு போன்ற பகுதி. பையனைப் படுக்க வைத்து, முட்டியை மடக்கிப் பாதத்தை மெதுவாக மேலே தள்ளிப் பாருங்கள். அப்புறம் முட்டியை நீட்டி வைத்து அதையே செய்யுங்கள். மடக்கினால் பாதம் மேலே வருகிறது, நீட்டினால் வரவில்லை என்றால், இறுக்கம் கெண்டைக்காலின் மேல் தசையில் இருக்கிறது. அதன் உறையைத் தளர்த்தினாலே போதும், நாணைத் தொட வேண்டாம். டாக்டரும் இதைச் சோதித்துத்தான் எங்கே வெட்டுவது என்று முடிவு செய்வார்.

நாணை அளவுக்கு மீறி நீட்டிவிட்டால் பிள்ளை முட்டி மடிந்து, உட்காரப் போவதுபோல நடக்கும். நாலு வயதில் இரண்டு நாணையும் நீட்டிய ஒரு சிறுமி பத்து வயதில் என்னிடம் வந்தாள். செருப்பில் குதிகால் பக்கம் மட்டும் ஓட்டையாகத் தேய்ந்திருந்தது. குறைவாக நீட்டியிருந்தால் மறுபடி நீட்டலாம். கூடிப்போனதைக் குறைப்பது மிகக் கடினம்.

இன்னொன்று, எலும்பு வளரும் வேகத்துக்கு இந்தத் தசை வளராது. அதனால் சின்ன வயதில் செய்தால் திரும்பவும் இறுக வாய்ப்பு அதிகம். ஆறேழு வயது வரையாவது பயிற்சி, பாதத்தை நேராகப் பிடித்துவைக்கும் ஸ்பிளிண்ட், தசை இறுக்கத்தைத் தற்காலிகமாகத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி, மாற்றி மாற்றிப் போடும் மாவுக்கட்டு என்று தள்ளிப்போடுங்கள்.

கேள்வி: 11 வயது மகளுக்குப் பாதம் தட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிவிட்டது. உள்கணுக்காலுக்குக் கீழே ஷூ உரசிப் புண்.

பதில்: புண் முதலில் ஆறட்டும். கெண்டைக்கால் இறுக்கத்தால் குதிகால் இறங்க முடியாமல் பாதம் நடுவில் மடிந்து சமாளித்திருக்கிறது. பாதம் கையால் நேராக்கும் அளவுக்கு இளக்கமாக இருந்தால், குதிகால் எலும்பை வெளிப்பக்கம் வெட்டி எலும்புத் துண்டு வைத்து நீட்டுவார்கள். கெண்டைக்காலையும் அதோடு தளர்த்தியாக வேண்டும். விறைத்துவிட்டிருந்தால் பாத மூட்டின் எலும்புகளை ஒன்றாக இணைக்க வேண்டிவரும்.

கேள்வி: ஒரு பக்கம் மட்டும் பாதிப்பு. பாதம் உள்ளே திரும்புகிறது. பாதத்தை உள்ளே இழுக்கும் நாணில் பாதியை மட்டும் பிரித்து வெளிப்பக்கம் மாற்றிப் பொருத்துவார்களாம், ஏன் பாதி?

பதில்: முழுவதையும் மாற்றினால் பாதம் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடலாம். பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இழுத்தால் நடுவில் நிற்கும்.

கேள்வி: இடுப்பு, முட்டி, பாதம் மூன்றிலும் இறுக்கம். வருடத்துக்கு ஒன்றாகச் செய்யலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. வருடா வருடம் ஆஸ்பத்திரியில் பிறந்தநாள் கொண்டாடும் நிலைமை என்று மெர்சர் ராங் என்ற கனடா மருத்துவர் இதைத்தான் வருந்திச் சொன்னார். நடையை ஆராய்ந்து, முடிந்தவரை ஒரே தடவையில் செய்வதே இப்போதைய வழக்கம். கட்டுப் பிரித்ததும் கால் குச்சியாக இருக்கும், பயப்படாதீர்கள். பழைய பலம் வரவே பல மாதம் ஆகும். ராத்திரி ஸ்பிளிண்ட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள்.