தரையோடு தவழும் புகை: முன்பணத்துக்கு முன் ஒரு கேள்வி

கேள்வி: மேடைப் புகைக்காகப் பெங்களூருவில் ட்ரை ஐஸ் (உறைந்த கரியமில வாயு) வாங்கி, உருகாமல் இருக்கக் கார் கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டுக் கொண்டுவரலாமா?
*வாசகர், ஓசூர்*

பதில்: கூடாது. வழி முழுக்க அது கரியமில வாயுவாக மாறிக்கொண்டே இருக்கும். ஓட்டுபவருக்கே மயக்கம் வரும்.

கேள்வி: மகளின் வரவேற்பில் மணமக்கள் மேகத்தில் நடந்து வருவதுபோல் புகை விட ஒருவர் பத்தாயிரம் கேட்கிறார். ஏசி மண்டபம். முன்னால் சிறு பிள்ளைகள் பூத்தூவி நடப்பார்கள். பயமில்லையே?
*வாசகி, காவேரிப்பட்டணம்*

பதில்: பயப்பட வேண்டிய விஷயம்தான் அம்மா. பந்தலில் வாழைமரத்தின் உயரம் வரை பேரம் பேசுகிறோம். பிள்ளைகளின் மூச்சில் போகப்போவது என்ன என்று மட்டும் கேட்பதில்லை. எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாத ஆதங்கம் இது. "புகை எதிலிருந்து வருகிறது?" என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.

ட்ரை ஐஸ் என்றால் அது உறைந்த கரியமில வாயு. மைனஸ் 78 டிகிரி குளிர். வெந்நீரில் இறக்கியதும் வெண்புகை எழும். கண்ணுக்குத் தெரியும் வெண்மை நீர்த்துளிதான். வாயு கண்ணுக்குத் தெரியாது. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால், வெண்மை கலைந்த பிறகும் அது தரையிலேயே தங்கும். ஒரு கிலோ சுமார் 500 லிட்டர் வாயுவாகும். பத்து கிலோ போட்டு, 10 மீட்டருக்கு 6 மீட்டர் மேடையில் முழங்கால் உயரத்துக்கு, அதாவது அரை மீட்டருக்கு அது தேங்கினால், அந்த உயரக் காற்றில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு இந்த வாயு. பத்து சதவீதத்திலேயே சில நிமிடங்களில் நினைவு தப்பும். உங்களுக்கு முழங்கால்; மூன்று வயதுப் பிள்ளை உட்கார்ந்தால் அதற்கு மூக்கு. 2020 பிப்ரவரியில் மாஸ்கோவில் ஒரு விருந்தில், நீச்சல் குளத்தில் 25 கிலோ கொட்டி மூன்று பேர் இறந்தார்கள்.

ஸ்பிளிட் ஏசி உள்ளிருக்கும் காற்றையேதான் திரும்பத் திரும்பக் குளிர்விக்கும். ஆகவே கதவுகளைத் திறந்து வையுங்கள், தரையோடு மின்விசிறி வைத்து வெளியே தள்ளுங்கள், மணமக்கள் நடக்கும் ஓரிரு நிமிடத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள். பிள்ளைகள் மேடைக்கு வெளியே பூத்தூவட்டும். ட்ரை ஐஸ் இல்லாமல், கிளைக்கால் என்ற ரசாயனம் கலந்த திரவத்தைப் புகையாக்கிக் குளிரவைக்கும் மெஷின் என்றால் இந்த ஆபத்து இல்லை. ஆனால் தரை ஈரமாகி வழுக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது.

கேள்வி: இணையத்தில் படம் பார்த்து, பழைய ட்ரை ஐஸ் மெஷினுக்கு முழுப் பணமும் அனுப்பினேன். பில் இல்லை. போட்டதும் மண்டபத்தில் மின்சாரம் துண்டிக்கிறது.
*வாசகர், ஊத்தங்கரை*

பதில்: ஓட்டிப் பார்க்கவில்லை, பில் கேட்கவில்லை, எத்தனை வாட் என்றுகூடக் கேட்கவில்லை. பிறகு என்னிடம் என்ன கேட்கிறீர்கள்? அதில் தண்ணீரைச் சுடவைக்கும் ஹீட்டர் 3000 வாட் என்றால் 13 ஆம்பியர் இழுக்கும். சாதாரண எக்ஸ்டென்ஷன் பெட்டி தாங்காது. ஹீட்டரில் கசிவு இருந்தாலும் மின்சாரம் துண்டிக்கும். அப்படித் துண்டிப்பதுதான் பாதுகாப்பு; அதைத் தாண்டி நேர் இணைப்புக் கொடுக்காதீர்கள். தண்ணீர் நிறைந்த இரும்புப் பெட்டி அது. முதலில் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

கேள்வி: லேபிள் இல்லாத புகைத் திரவம் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
*வாசகர், அரூர்*

பதில்: வேண்டாம். எங்கள் ஊர்க் கூத்துக்கு அப்படியொரு கேன் வாங்கிக் கொடுத்தவன் நான். முதல் காட்சியிலேயே வேடம் கட்டியவர்கள் இருமினார்கள், மெஷினின் வாயில் கரி அடைத்தது. காருக்கு ஊற்றும் கூலன்டையும் சிலர் கலக்கிறார்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் என்ற வகை நஞ்சு. மெஷினைத் தயாரித்தவர் சொல்லும் திரவத்தை மட்டும் ஊற்றுங்கள்.

கேள்வி: மேடை அலங்காரம்தான் என் பிழைப்பு. கடன் வாங்கிப் புது மெஷின் வாங்கினேன். ஒரே மாதத்தில் ஹீட்டர் போய்விட்டது. "தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார்" என்கிறார் விற்றவர்.
*வாசகர், பென்னாகரம்*

பதில்: உங்களை ஏய்க்கிறார் தம்பி, விடாதீர்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கென்றே வாங்கி, நீங்களே பயன்படுத்தும் பொருளுக்கு நீங்கள் நுகர்வோர்தான். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசிப் புகாரைப் பதியுங்கள். அவர் மசியாவிட்டால் தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பில், உத்தரவாத அட்டை, அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். மெஷினை வேறு யாரிடமும் பிரிக்கக் கொடுக்காதீர்கள்.