நீளமான ஆங்கிலச் சட்டச் சொற்களை எங்கே பிரிப்பது, எந்த அசையை அழுத்துவது?

முதலில் சொல்லின் வாலைப் பாருங்கள். அழுத்தம் எங்கே விழும் என்பதைப் பெரும்பாலும் விகுதிதான் முடிவு செய்கிறது.

'ஷன்' என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசையில் அழுத்தம். ஜூ-ரிஸ்-டிக்-ஷனில் 'டிக்', லி-டி-கே-ஷனில் 'கே'. 'இட்டி' என்று முடிந்தால் கடைசியிலிருந்து மூன்றாவது அசை: லை-அ-பி-லி-டி, அட்-மி-ஸி-பி-லி-டி இரண்டிலும் 'பி'. 'ஏட்' என்று முடியும் நீளமான வினைகளுக்கும் அதே மூன்றாம் இடம்தான். லி-டி-கேட்டில் 'லி', அ-ஜூ-டி-கேட்டில் 'ஜூ'. லெஸ்ஸீ, மார்கெஜீ, அசைனீ போன்றவற்றில் அந்த 'ஈ' அசையே அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும். அதை மழுப்பினால் குத்தகைக்குக் கொடுத்தவர் (லெஸ்ஸார்) யார், எடுத்தவர் (லெஸ்ஸீ) யார் என்று கேட்பவருக்குக் குழம்பிவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரே குடும்பத்துச் சொற்களில் அழுத்தம் இடம் மாறுவது. இன்-டெம்-னி-ஃபை என்றால் 'டெம்'. அதுவே இன்-டெம்-னி-ஃபி-கே-ஷன் ஆனதும் 'கே'வுக்குப் போய்விடுகிறது. ஆனாலும் பழைய 'டெம்' முழுக்க அடங்காது, துணை அழுத்தமாக நிற்கும். ஆறு அசையில் இந்த இரண்டையும் பிடித்துவிட்டால் மற்ற நான்கும் தானாக ஓடும்.

அந்த நான்கையும் ஓடவிட வேண்டும் என்பதுதான் நமக்குக் கஷ்டம். தமிழில் ஒவ்வோர் எழுத்தையும் முழு ஒலியோடு சொல்லிப் பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் அழுத்தம் இல்லாத உயிரொலி சுருங்கி மங்கிவிடும். அதைச் சுருக்காமல் ஒரு அசையை மட்டும் ஓங்கிச் சொன்னால் சத்தம்தான் கூடும், தாளம் வராது.

பயிற்சிக்கு வாலிலிருந்து கட்டிக்கொண்டு வாருங்கள்: ஷன், கேஷன், ஃபிகேஷன், னிஃபிகேஷன், அப்புறம் முழுச்சொல். முன்னாலிருந்து தொடங்கினால் நடுவில் மூச்சும் கவனமும் தளர்ந்து, முக்கியமான அசை தேய்ந்துவிடும்.

அகராதி பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உச்சரிப்புப் பகுதியில் மேலே இருக்கும் சிறு கோடு பெரும்பாலான அகராதிகளில் அழுத்தும் அசைக்கு முன்னால் வரும், பின்னால் அல்ல. சில அகராதிகள் தலைச்சொல்லின் நடுவே வைக்கும் புள்ளிகள், வரி முடிவில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்று காட்டத்தான். உச்சரிப்பு அசை அதோடு எப்போதும் ஒத்துப்போகாது.

லத்தீன் வழி வந்த சிலவற்றைத் தனியாகத்தான் மனதில் வைக்க வேண்டும். அ-ஃபி-டே-விட்டில் 'டே'வை அழுத்துங்கள். ச-பீ-னாவில் (subpoena) எழுத்தில் இருக்கும் 'b' ஒலிக்காது, அழுத்தம் 'பீ'யில். இன்-டைட்-மென்ட்டில் 'சி' ஒலிக்காது.

கான்விக்ட் போன்ற சொற்களில் மட்டும் எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, வாக்கியத்தைப் பார்க்க வேண்டும்: குற்றவாளி என்ற பெயர்ச்சொல்லானால் முதல் அசை, குற்றவாளி என்று தீர்ப்பளிப்பதற்கான வினையானால் இரண்டாம் அசை.